எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஸ்பானிஷில் சொல்வது

ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் பாடப்புத்தகங்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கோபம் இருக்கிறது. ஆரம்பப் பாடங்களிலேயே கடற்கரை பிடிக்கும், இசை பிடிக்கும், நாய்க்குட்டி பிடிக்கும், பயணம் ரொம்பப் பிடிக்கும் என்று எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிடுகிறார்கள். பிடிக்காததைச் சொல்ல 'நோ மே குஸ்தா' என்று ஒரே ஒரு வரி. அதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டுமா, 'ஓதியோ' என்று ஒரு வினைச்சொல், பக்கத்தில் 'வெறுக்கிறேன்' என்று பொருள், அவ்வளவுதான், அடுத்த பாடம். மேல்வீட்டில் நள்ளிரவு வரைக்கும் நாற்காலி இழுக்கிற சத்தம், சொல்லாமல் வாடகையை ஏற்றுகிற வீட்டுக்காரர், கூட்டத்தில் நம் பேச்சை வெட்டுகிற சக ஊழியர், தட்டில் வருகிற வேகாத மீன் என்று வேற்றூரில் வாழப் போகிறவருக்குக் கடற்கரைக்கு முன்னாலேயே இதெல்லாம் வந்துவிடும். இவற்றைப் பற்றிப் பேச நமக்கு வார்த்தை இல்லாவிட்டால், எதற்கும் சிரித்துத் தலையாட்டுகிற ஆள் என்று நம்மை முடிவு செய்துவிடுவார்கள்.

நான் சென்னையில் ஸ்பானிஷ் படித்துவிட்டு ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வேலைக்குப் போனவள். அங்கே ஒரு அர்ஜென்டினாப் பெண்ணோடும் ஒரு சிலே பெண்ணோடும் வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தேன். கீழ்வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர். சலிப்பு, எரிச்சல், அருவருப்பு, ஆளைக் கண்டாலே ஆகாமை என்று இந்த மொழியில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை எனக்குக் காட்டியவர்கள் இவர்கள்தான். இப்போது வார இறுதிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். அவர்களிடம் முதல் வகுப்பிலேயே நான் சொல்லிவிடுவது இதைத்தான்: பிடிக்கும், பிடிக்காது என்ற விஷயத்தில் ஆங்கிலத்தை நடுவில் விடாதீர்கள், தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'நான்' எழுவாயாக வந்து நிற்கும். நான் காபியை விரும்புகிறேன், நான் அவனை வெறுக்கிறேன் என்கிற மாதிரி. ஸ்பானிஷ் அப்படிப் பேசுவதில்லை. 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும். அந்த 'மே' அப்படியே நம் 'எனக்கு'. பள்ளியில் நான்காம் வேற்றுமை என்று படித்தோமே, அதே 'கு'. ஆங்கிலம் வழியாக இந்த மொழிக்கு வருகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தில் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காபி எப்படி எழுவாயாக முடியும், நான் எங்கே போனேன் என்று கேட்பார்கள். தமிழ் பேசுகிற பிள்ளைக்கு அந்தக் கேள்வியே வராது. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, இதெல்லாம் நாம் செய்கிற வேலைகள் இல்லை, நமக்கு நேர்பவை என்பது நமக்குக் குழந்தையிலேயே தெரியும். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் 'பிடிக்கும்' எதற்கும் மாறாது. ஸ்பானிஷில் பிடிக்கிற பொருள்தான் எழுவாய் என்பதால், அது பன்மையானால் வினையும் பன்மையாகும்: பூனை ஒன்று என்றால் 'மே குஸ்தா', பல என்றால் 'மே குஸ்தான்'. அப்புறம், 'அவனைப் பிடிக்காது' என்று நாம் ஐ உருபு போடுகிற இடத்தில் அவர்கள் எதுவும் போடுவதில்லை.

இந்த அடித்தளம் இருந்தால் கடுமையைக் கூட்டுவது சுலபம். 'நோ மே குஸ்தா நாதா' என்றால் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 'நாதா' தனியாக நின்றால் 'ஒன்றுமில்லை'. முன்னால் ஒரு 'நோ' வந்துவிட்டதே, இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடாதா என்ற கணக்கெல்லாம் இங்கே கிடையாது, இரண்டும் சேர்ந்து மறுப்பை இறுக்கும். 'நோ மே குஸ்தா நி உன் பேலோ' என்றால் ஒரு முடி அளவுக்குக்கூடப் பிடிக்கவில்லை. இதைப் பெரும்பாலும் சந்தேகம் கலந்த வெறுப்புக்குச் சொல்வார்கள்: வீட்டு ஒப்பந்தத்தில் ஏதோ இடிக்கிறது, அந்த ஆளின் பேச்சில் ஏதோ சரியில்லை என்கிற இடங்களில்.

இந்த 'ஓதியோ'வுக்கு வருவோம். ஸ்பானிஷ் மொழிக்கான அரச அகாதமி 1713இல் மத்ரித்தில் தொடங்கப்பட்டது. அதன் அகராதியில் 'ஓதியோ' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பொருள் பார்த்தால், வெறும் விருப்பமின்மையோடு நிற்காது. எவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்று விரும்புகிறோமோ அவர் மேல் உள்ள பகை என்கிற அளவுக்குப் போகும். ஸ்பெயினின் தண்டனைச் சட்டம் 510ஆம் பிரிவில் வெறுப்புக் குற்றங்களைப் பேசும்போதும் இதே சொல்தான் வருகிறது. அவ்வளவு கனம் உள்ள சொல். திங்கட்கிழமை மேல், போக்குவரத்து நெரிசல் மேல் அதை வீசினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இளைஞர்கள் நாள் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு மனிதரைக் காட்டி அதைச் சொன்னால் அறையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 'தே ஓதியோ' என்று முகத்துக்கு நேரே சொல்வது அண்ணன் தங்கை சண்டையிலும் காதல் முறிகிற இடத்திலும் நடக்கும். அலுவலகத்தில் மேலாளரைப் பற்றிச் சொல்ல அது தேவையே இல்லை, அதற்கு எத்தனையோ நல்ல வழிகள் இருக்கின்றன. (உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை: 'ஓதியோ'வில் வரும் த, நம் 'அது'வில் வருகிற மெல்லிய த தான். உயிர்களுக்கு நடுவே அந்த ஒலியை அவர்கள் நம்மைப் போலவே மென்மையாக்குகிறார்கள். தமிழ் வாய்க்கு இது இயல்பாக வரும்.)

அந்த நல்ல வழிகளில் முதலாவது, 'தருவது'. எனக்கு இது அருவருப்பைத் தருகிறது, 'மே தா அஸ்கோ'. கரப்பான்பூச்சிக்கும் இதுதான், நெளிகிற அரசியல்வாதிக்கும் இதுதான், வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்கிற ஆகஸ்டு மாத வெயிலுக்கும் இதுதான். 'கே அஸ்கோ தே தியா' என்று வலென்சியாவில் கோடையில் யாராவது சொல்லாத நாளை நான் பார்த்ததில்லை, என்ன ஒரு கேடுகெட்ட நாள் என்கிற மாதிரி. 'மே தா ராபியா' என்றால் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாய்க்கு வருகிற வெறிநோய்க்கும் அவர்களிடம் இதே பெயர்தான். கரும்பலகையில் நகம் கீறுகிற சத்தத்துக்கு 'மே தா க்ரீமா'. புளிப்பு பட்டால் 'மே தா தென்தேரா'. இந்தச் சொல் பல்லிலிருந்து பிறந்தது, நாம் 'பல் கூசுது' என்கிறோமே, அதுவேதான். வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள், அந்தச் சொல்லை இனி யாரும் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

மனிதர்கள் விஷயம்தான் நுணுக்கமானது. 'மே குஸ்தா' என்று ஒரு ஆளைச் சொன்னால் அதில் காதல் வாசம் வந்துவிடும். இதையும் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு' என்று நம் ஊரில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரைப் பிடிக்கவில்லை என்பதற்கு ஸ்பானிஷ்காரர்கள் வேறு வினையை வைத்திருக்கிறார்கள், 'விழுவது'. 'மே கயே மால்', அவர் எனக்கு மோசமாக விழுகிறார். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷில் பால் வயிற்றுக்கு ஆகவில்லை என்றாலும் இதே 'மே கயே மால்'தான், ஸ்பெயினில் உணவுக்கு மட்டும் 'மே சியென்தா மால்' என்பார்கள். நமக்கும் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஆளும் ஒத்துவர மாட்டார். இதற்கு ஒரு படி மேலே 'மே கயே கோர்தோ', குண்டாக விழுகிறார், பாரமாக விழுகிறார். இன்னும் மேலே போனால் அமெரிக்க நாடுகளில் கல்லீரலில் உதைத்த மாதிரி விழுகிறார் என்று ஒரு சொலவடை. கேட்கும்போதே விலாவுக்குக் கீழே வலிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'நோ லோ த்ராகோ'. அவனை என்னால் விழுங்க முடியவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி தன் மருமகனைப் பற்றி இதைத்தான் சொல்வார். நான் அவரை 'உஸ்தெத்' என்றே மரியாதையாக அழைப்பேன், அவர் என்னை 'ஈஹா' என்பார், மகளே என்று. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு படியேறும்போது கையைப் பிடித்து நிறுத்தி, அந்த மருமகன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தது, பாத்திரத்தைக்கூட எடுத்து வைக்காதது, பேத்தியை ஒரு வார்த்தை அதட்டியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் நெஞ்சுக்கு மேலே, தொண்டைக் குழியில் விரலை வைத்து, 'நோ லோ த்ராகோ, ஈஹா, நோ லோ த்ராகோ' என்பார். அதில் பகை இருந்தது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் சூப் வைத்து அனுப்புகிறவர் அவர்தான். 'ஓதியோ' என்று அவர் அவனைப் பற்றி ஒருமுறையும் சொல்லிக் கேட்டதில்லை, சொல்லவும் மாட்டார். விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தப் பாட்டியே மாநகராட்சி ஆட்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று சொல்வார்: 'நோ லோஸ் புவேதோ வேர் நி என் பின்தூரா'. ஓவியத்தில்கூட அவர்களைப் பார்க்க என்னால் முடியாது. முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை என்கிற நம் கோபத்தின் அளவு. இதற்கு நேர் எதிர்முனையில், நாலு பேர் முன்னால் நாகரிகமாகச் சொல்ல வேண்டிய இடத்துக்கு, 'நோ எஸ் சான்தோ தே மி தெவொசியோன்' இருக்கிறது: அவர் நான் வணங்குகிற புனிதர் இல்லை. ஊருக்கு ஒரு காவல் புனிதர், தொழிலுக்கு ஒரு புனிதர், பெயருக்கு ஒரு புனிதர் என்று வாழ்ந்த கத்தோலிக்க நாட்டிலிருந்து வந்த பேச்சு. எல்லாப் புனிதரும் பெரியவர்தான், என் பக்தி வேறொருவரிடம் என்கிறது அது. அலுவலகத்தில் யாரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துவிடும், யாரும் புண்பட மாட்டார்கள்.

பொறுக்க முடியவில்லை என்பதற்கு 'நோ லோ சொப்போர்த்தோ', 'நோ லோ அகுவான்தோ' இரண்டும் ஓடும், எல்லா நாட்டிலும் புரியும், எங்கும் கெட்ட வார்த்தை இல்லை. புதிதாகக் கற்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் பழகிக்கொள்வது நல்லது. 'மே ரெவியென்தா' என்றால் என்னை வெடிக்க வைக்கிறது. 'மே சாக்கா தே கிசியோ' என்றால் கதவைக் கீலிலிருந்து கழற்றுகிற மாதிரி என்னைக் கழற்றிவிடுகிறது. 'எஸ்தோய் அஸ்தா லா கொரொனீயா' என்றால் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது, இனி இடமில்லை. இந்தக் கடைசியைச் சொல்லும்போது கையை நெற்றிக்கு மேலே கொண்டுபோய்க் காட்டுவார்கள், கை இல்லாமல் அது பாதிதான்.

சரி, இலக்கணத்தில் தமிழ் உதவாத இடம் ஒன்று இருக்கிறது. நீ சிகரெட் பிடிக்கிறது எனக்குப் பிடிக்கவில்லை, நீ சிகரெட் பிடிக்கிறது எனக்குத் தெரியும். நமக்கு இரண்டிலும் 'பிடிக்கிறது' ஒன்றுதான். ஸ்பானிஷில் 'தெரியும்' என்றால் 'சே கே ஃபூமாஸ்', சாதாரண வினை. பிடிக்கவில்லை, எரிச்சலாக இருக்கிறது என்றால் 'மே மொலெஸ்தா கே ஃபூமெஸ்'. அந்த மாஸ், மெஸ் ஆகிவிட்டது. 'சுப்ஹுன்தீவோ' என்று இந்த வடிவத்துக்குப் பெயர். உணர்ச்சியின் கீழே, ஆசையின் கீழே வருகிற வினை எல்லாம் இந்த வடிவத்துக்கு மாறும். 'என்னைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது', 'அவர்கள் கத்துவதை என்னால் தாங்க முடியாது', எல்லாவற்றிலும் இது வேண்டும். மாணவர்கள் இதை ஏதோ மேல்நிலைப் பாடம் என்று தள்ளிப்போடுகிறார்கள், பாடத்திட்டங்களும் அப்படித்தான் வைத்திருக்கின்றன, எனக்கு அது சுத்தமாக ஒப்பவில்லை. கோபப்படத் தெரிந்த எந்த ஸ்பானிஷ் குழந்தைக்கும் இது தெரியும்.

தெருவுக்கே தெரியும். 2001 டிசம்பரில் அர்ஜென்டினாவில் அரசாங்கம் மக்கள் வங்கியில் போட்ட பணத்தை எடுக்க விடாமல் கட்டுப்பாடு போட்டது. டிசம்பர் 19 இரவு அதிபர் தெ லா ருவா நெருக்கடி நிலையை அறிவித்ததும், புவெனஸ் அயர்ஸில் ஜனங்கள் சமையலறைப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து தட்ட ஆரம்பித்தார்கள். மறுநாள் அவர் பதவியை விட்டுவிட்டு ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். அந்த நாட்களில் தெருவெல்லாம் ஒலித்த முழக்கம் 'கே சே வாஷான் தோதோஸ்', எல்லாரும் போய்த்தொலையட்டும். அந்த 'வாஷான்' தான் சுப்ஹுன்தீவோ. என் அறைத்தோழி அப்போது சின்னப் பெண், அம்மாவோடு பால்கனியில் நின்று வாணலியைத் தட்டியிருக்கிறாள். பள்ளியில் அந்த வினை வடிவத்தை ஆசிரியை சொல்லித்தந்தபோது, அது தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு மாதிரி இருந்தது என்பாள். ஆத்திரத்துக்கு அவர்கள் ஊரில் 'ப்ரோன்கா' என்று பெயர். 'மே தா ப்ரோன்கா' என்று அவள் சொன்னால் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் கொஞ்சம் அமைதியாக இருப்போம்.

சொல்லைவிட யாரை எப்படி அழைக்கிறோம் என்பது அங்கேயும் முக்கியம். நீ, நீங்கள் நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கு 'தூ', 'உஸ்தெத்' இருக்கின்றன. 2007 நவம்பர் 10, சிலேயின் சந்தியாகோவில் ஸ்பானிஷ், போர்த்துகீசிய நாட்டுத் தலைவர்களின் உச்சி மாநாடு. வெனிசுவேலா அதிபர் சாவேஸ், ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் அஸ்னாரை பாசிஸ்ட் என்று சொல்லிவிட்டார். அப்போதைய பிரதமர் சப்பத்தேரோ அதற்குப் பதில் சொல்ல, சாவேஸ் குறுக்கே பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னர் ஹுவான் கார்லோஸ் கையை நீட்டி 'போர் கே நோ தே கயாஸ்' என்றார், நீ ஏன் வாயை மூடக் கூடாது? அந்த 'தே', 'கயாஸ்' இரண்டும் 'நீ' வடிவம். இத்தனை நாட்டுத் தலைவர்கள் முன்னால் ஒரு மன்னர் ஒரு அதிபரை 'நீ' என்றதுதான் ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் காதில் முதலில் விழுந்தது. சிலர் கைகொட்டினார்கள், சிலருக்கு அது பழைய காலனிய எஜமானரின் குரலாகக் கேட்டது. என் சிலே தோழி இரண்டாவது கட்சி, இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவளுக்கு முகம் சிவக்கும். அந்த வாக்கியம் கைபேசி அழைப்பொலியாகவும் சட்டை வாசகமாகவும் ஊரெல்லாம் சுற்றியது. தலைகீழாகவும் நடக்கும்: நெருக்கமானவரிடம் திடீரென்று 'உஸ்தெத்' போட்டுப் பேசினால், நம் வீட்டில் கோபித்துக்கொண்ட மனைவி 'நீங்க சாப்பிடுங்க' என்று மரியாதையோடு ஒதுங்குகிற அதே குளிர் வரும்.

அப்புறம் மெஸ்ஸி. 2022 டிசம்பர் 9, கத்தாரின் லுசைல் மைதானம், நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதி. ஆட்டம் இரண்டுக்கு இரண்டில் முடிந்து, பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்தது. முடிந்ததும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த மெஸ்ஸி, அந்தப் பக்கம் நின்ற நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்டைப் பார்த்து 'கே மிராஸ், போபோ? அன்தா பா' அஷா' என்றார். என்ன பார்க்கிறாய், மடையா? போ அந்தப் பக்கம். 'போபோ' குழந்தைகள் சண்டையில் வருகிற சொல், அர்ஜென்டினாவில் கால்பந்து மைதானத்துச் சொற்களில் அதைவிட மென்மையானதைத் தேட வேண்டும். 'மிராஸ்', 'அன்தா' இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது. 'தூ'வுக்குப் பதிலாக அவர்கள் ஊரில் 'வோஸ்' என்று நீ போடுவதால் வருகிற வடிவம் அது. ரொசாரியோவில் பிறந்து, பதின்வயதிலேயே பார்சிலோனாவுக்குப் போய் அங்கேயே வளர்ந்து வாழ்ந்த மனிதர், கோபம் வந்த நொடியில் பிறந்த ஊர் வடிவத்தில்தான் பேசினார். என் அர்ஜென்டினாத் தோழி அன்று அழுதேவிட்டாள், ஜெயித்ததற்கு மட்டும் இல்லை, அந்த 'மிராஸ்'க்காகவும்தான்.

ஏளனத்துக்கென்றே சில வாக்கிய அமைப்புகள் உண்டு, கெட்ட வார்த்தை ஒன்றுமே தேவைப்படாது. 'ஏசே ஓம்ப்ரே' என்றால் அந்த மனிதர், சாதாரணம். 'எல் ஓம்ப்ரே ஏசே' என்று சுட்டைப் பின்னால் தள்ளினால் நம் 'அந்த ஆளு' வந்துவிடும், அதே மூக்குச் சுளிப்போடு. 'எல் இதியோதா தே மி ஹேஃபே' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் என் மேலாளருடைய முட்டாள் என்று வரும், உண்மையில் முட்டாளாகிய என் மேலாளர் என்று பொருள். சொல்லின் வாலை மாற்றியே ஆளைத் தாழ்த்தலாம்: 'மெதிகோ' மருத்துவர், 'மெதிகூச்சோ' என்றால் அரைகுறை மருத்துவர், 'காசா' வீடு, 'கசூச்சா' என்றால் இடிந்து விழப் போகிற குச்சில், 'ஹென்தே' ஜனங்கள், 'ஹென்தூசா' என்றால் கழிசடைக் கூட்டம்.

நாட்டுக்கு நாடு மாறுவதையும் சொல்ல வேண்டும், 20 நாடுகளின் ஆட்சிமொழி இது. சிலேயில் 'மே கார்கா' என்றால் எனக்கு இது அறவே பிடிக்காது. எங்கள் வீட்டில் அடிப்பிடித்த பானையைக் கழுவுகிற முறை வந்தால் கேட்கிற முதல் வாக்கியம் அதுதான். அர்ஜென்டினாப் பெண் 'நோ லோ பான்கோ' என்பாள், என்னால் தாங்க முடியாது. அவளே 'தே பான்கோ' என்றால் நான் உன் பக்கம் நிற்கிறேன். மெக்சிகோவில் 'மே ச்சோக்கா' என்றால் எனக்குக் கடுப்பாகிறது, ஸ்பெயினில் அதே சொல் எனக்கு விசித்திரமாக இருக்கிறது என்கிற அளவில் நின்றுவிடும். 'பின்ச்சே' ஸ்பெயினில் சமையல்கட்டு உதவியாள், மெக்சிகோவில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் போடுகிற வசவு. சாப்பாடு பிடிக்காத மெக்சிகோக் குழந்தை 'குவாகலா' என்று நாக்கை நீட்டும், நம் 'உவ்வே'.

வசவுகளைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. மொழி கற்கிற பல பேர் அவற்றை முதலில் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அது அந்த மொழிக்கும் அவர்களுக்கும் நல்லதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஸ்பெயினில் எதன் மேலாவது மலம் கழிக்கிறேன் என்று திட்டுவது வழக்கம், அந்த 'எது' பாலாக இருக்கலாம், கடலாக இருக்கலாம், கடவுள் வரைக்கும் போகலாம். 2017இல் கடவுளை வைத்து இப்படி எழுதிய நடிகர் வில்லி தொலேதோ மேல் மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள், 2020இல் மத்ரித் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குழந்தைகள் முன்னால் பெரியவர்கள் சொல்லை நடுவழியில் திருப்பிவிடுவார்கள், ஒரு கெட்ட வார்த்தையின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு 'மியேர்கொலெஸ்' என்று முடிப்பார்கள், அது புதன்கிழமை.

இதையெல்லாம் பேசிப் பழக ஆபத்தில்லாத இடம் ஒன்று ஸ்பெயினில் இருக்கிறது, உருளைக்கிழங்கு தோர்தீயா. முட்டையும் உருளையும் போட்டுத் திருப்பி எடுக்கிற அந்தப் பண்டத்தில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பதில் நாடே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, இரண்டு கட்சிக்கும் தனிப் பெயரே உண்டு. நான் வெங்காயக் கட்சி. வெங்காயம் இல்லாத தோர்தீயா வாயில் மாவாக அப்பும், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அந்தச் சண்டையில் அஸ்கோ, ரெவியென்தா, ஓதியோ எதை வேண்டுமானாலும் எடுத்து வீசலாம், எதிரில் இருப்பவர் அதைவிடப் பெரிதாக ஒன்றை வீசுவார், பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஸ்பெயினுக்குப் போகிற என் மாணவர்கள் எல்லாரிடமும், போன முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியை யாரிடமாவது கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கடைசியாக, ஒருவர் தனக்குப் பிடிக்காததைச் சொல்லும்போது நாமும் சேர்ந்துகொள்வது. தமிழில் 'எனக்கும்தான்' என்றால் முடிந்தது. அங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். அவர் 'நோ மே குஸ்தா' என்றால் அது எதிர்மறை, அதனால் 'அ மி தம்போக்கோ'. அவர் 'மே கயே மால்' என்றால் பொருள் வெறுப்பாக இருந்தாலும் வாக்கியம் உடன்பாடு, அதனால் 'அ மி தம்பியேன்'. அவர் 'நோ லோ த்ராகோ' என்றாலோ விழுங்குகிறவர் 'நான்', எழுவாய் மாறிவிட்டது, அங்கே 'அ மி' வராது, 'யோ தம்போக்கோ' என்று சொல்ல வேண்டும். பாட்டி படிக்கட்டில் மருமகனைப் பற்றிப் பேசும்போது இதில் எதையும் நான் சொன்னதில்லை, அவருடைய மருமகன், எனக்கு அந்த உரிமை இல்லை. மாநகராட்சியைப் பற்றிப் பேசும்போது தாராளமாக 'யோ தம்போக்கோ' சொன்னேன், அந்தத் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் எங்கள் வாசலில்தான் நிற்கும்.